உக்ரேனுக்கு ஒதுங்கினோம், காஸாவுக்குக் கை உயர்த்தினோம்: மாணவிக்கு என்ன பதில் சொல்வது?

நெல்லியடி ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வடமராட்சியில் உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். கடந்த செவ்வாய்க்கிழமை இலங்கையின் வெளிநாட்டுக் கொள்கை என்ற பாடத்தைத் தொடங்கினேன். கரும்பலகையில் "அணிசேராமை", அதாவது எந்த வல்லரசின் அணியிலும் சேராமல் நிற்பது, என்று எழுதி, 1955 பாண்டுங், 1961 பெல்கிரேட், 1976 கொழும்பு மாநாடு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன். பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி கை உயர்த்தினாள். அவளுடைய தந்தை கட்டாரில் வேலை செய்கிறார். வளைகுடாவில் எது நடந்தாலும் அடுத்த நாள் வகுப்பில் அவள் முகத்தைப் பார்த்தே நான் தெரிந்துகொள்வேன்.

அவள் கேட்டது இதுதான்: "ரீச்சர், 2022 மார்ச் 2 ஆம் திகதி உக்ரேன் மீதான படையெடுப்பைக் கண்டித்து ஐ.நா. பொதுச்சபையில் 141 நாடுகள் வாக்களித்தன. இலங்கை எந்தப் பக்கமும் வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றது. 2023 டிசம்பர் 12 ஆம் திகதி காஸாவில் போர்நிறுத்தம் கேட்ட 153 நாடுகளில் இலங்கையும் ஒன்று. அதற்கு முந்தின மாதம்தான் இஸ்ரேலின் தோட்டங்களில் வேலைக்கு ஆட்களை அனுப்ப ஒப்பந்தம் செய்தார்கள். 2024 ஜனவரியில் செங்கடலுக்குக் கடற்படைக் கப்பல் அனுப்பப் போவதாக ஜனாதிபதி சொன்னார். இதில் எது எங்கள் கொள்கை?"

நான் வாய் திறப்பதற்குள் முன்வரிசையிலிருந்து இன்னொருத்தி திரும்பி, "எங்கள் என்றால் யார்?" என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. மணி அடித்துவிட்டது.

பரீட்சைக்கு எழுதும் விடை எனக்குத் தெரியும். புவியியல் அமைவிடம், பொருளாதாரச் சார்பு, தலைவர்களின் ஆளுமை என்று மூன்று பந்தி எழுதினால் புள்ளி கிடைக்கும். ஆனால் அந்த இரண்டு பிள்ளைகளும் புள்ளிக்காகக் கேட்கவில்லை. வாழ்ந்து பார்த்தவர்களின் பதிலோடு வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போக விரும்புகிறேன்.

திருநெல்வேலிச் சந்தி எழுதியது:

ரீச்சர், இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். இந்தியா எந்தப் பக்கம் நிற்கிறதோ இலங்கை அந்தப் பக்கம் நிற்கும். 2022 மார்ச்சில் இந்தியா ஒதுங்கியது, இலங்கையும் ஒதுங்கியது. 1987 ஜூன் 4 ஆம் திகதி எங்கள் தலைக்கு மேலே இந்திய விமானங்கள் பறந்து உணவுப் பொதி போட்டன. அதற்கு முதல் நாள் படகுகளைத் திருப்பி அனுப்பிய கொழும்பு, விமானங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. இரண்டு மாதம் போவதற்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்து. திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்குப் பாதகமாக எந்த நாட்டின் படைக்கும் கொடுப்பதில்லை என்று கடிதம் வேறு. அன்றோடு முடிந்த கதை இது.

உரும்பிராய்த் தோட்டக்காரன் எழுதியது:

தம்பி, அவ்வளவு சுலபமாக முடித்துவிட முடியாது. 2022 மார்ச்சில் நேபாளமும் பூட்டானும் மாலைதீவும் உக்ரேனுக்கு ஆதரவாக வாக்களித்தன. இந்தியாவுக்கு நம்மைவிட நெருக்கத்தில் இருக்கும் நாடுகள் அவை. 2023 அக்டோபர் 27 ஆம் திகதி காஸா பற்றிய முதலாவது தீர்மானத்தில் இந்தியா ஒதுங்கியது, இலங்கை ஆதரவாக வாக்களித்தது. டில்லியின் நிழல் நம்மீது பெரிதாக விழுகிறது, ஒப்புக்கொள்கிறேன். எல்லாவற்றுக்கும் அதுவே காரணம் என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னால் அவர்கள் மேற்கொண்டு யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

இனி ரீச்சருக்கு.

தங்கச்சி, எனக்கு 71 வயது. 34 ஆண்டுகள் வலிகாமத்தில் ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதினேன். எனக்கு முன் என் தந்தையும் சங்கக் கடையில் இருந்தவர். கூப்பன் அரிசி அளந்து கொடுத்தவர். உலகத்தில் எங்கே போர் நடந்தாலும் அதை நான் முதலில் பார்த்தது கடையின் இருப்புப் புத்தகத்தில்தான். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கொரியாவில் போர் நடந்த காலத்தில் உலகச் சந்தையில் அரிசி விலை ஏறிக்கொண்டே போனது. ரப்பர் விலை முதலில் உச்சிக்குப் போய்ப் பிறகு விழுந்தது. சீனாவிடம் அரிசி இருந்தது, அதற்கு ரப்பர் வேண்டியிருந்தது. ஆனால் சீனாவுக்குப் போருக்கு உதவும் பொருள்களை அனுப்பக்கூடாது என்று 1951 மே மாதத்தில் ஐ.நா. பொதுச்சபை தீர்மானித்திருந்தது. அப்படி விற்கும் நாடுகளுக்கு உதவியை நிறுத்த அமெரிக்காவிலும் சட்டம் இருந்தது. பொதுவுடைமையை மேடைமேடையாக எதிர்த்த ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம்தான் இங்கே ஆட்சியில் இருந்தது. அந்த அரசாங்கத்தின் வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்க பீக்கிங் போய் 1952 டிசம்பரில் ஒப்பந்தம் செய்தார். ஆண்டுக்கு 50,000 தொன் ரப்பர் கொடுப்பது, 270,000 தொன் அரிசி வாங்குவது. சீனாவோடு அப்போது தூதரக உறவே கிடையாது, அது 1957 இல்தான் வந்தது. அமெரிக்கா உதவியை மறுத்தது. இலங்கை பின்வாங்கவில்லை. அந்த ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு 1982 வரை நீடித்தது.

சாக்கு வந்து இறங்கும் நாளில் கடை வாசலில் பெண்கள் ஓலைப் பெட்டியோடு நிற்பார்கள் என்று அப்பா சொல்வார். எந்த நாட்டு அரிசி என்று ஒருவரும் கேட்பதில்லை. சோறு வேகுமா, குழையுமா என்றுதான் கேட்பார்கள். ஒரு சிறிய நாடு வெளியே நடக்கும் போரை எப்படி எதிர்கொள்ள வேண்டும் என்று என்னைக் கேட்டால், நான் முதலில் காட்டுவது இந்த ஒப்பந்தத்தைத்தான். வல்லரசின் கோபத்தைவிடத் தன் மக்களின் பசியைப் பெரிதாக எண்ணினார்கள்.

ஆனால் உங்கள் முன்வரிசைப் பிள்ளை கேட்ட கேள்வி இங்கேயும் நிற்கிறது. அந்த ரப்பர்ப் பாலை வெட்டி வடித்தவர்களில் பலர் மலையகத் தமிழர். 1948 ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களின் குடியுரிமையைப் பறித்திருந்தது. நாட்டுக்குச் சோறு போட்ட ரப்பரைக் கொடுத்த கைகளுக்கு அந்த நாட்டில் வாக்கு இல்லை. இதையும் சேர்த்தே வகுப்பில் சொல்லுங்கள்.

1962 ஐயும் விட்டுவிடாதீர்கள். இந்தியாவும் சீனாவும் இமயமலையில் மோதியபோது, சிறிமாவோ பண்டாரநாயக்க இலங்கையோடு சேர்த்து ஆறு நாடுகளைக் கொழும்பில் கூட்டி யோசனைகளை வகுத்து, அவற்றை எடுத்துக்கொண்டு பீக்கிங்குக்கும் டில்லிக்கும் நேரில் போனார். எல்லைப் பிரச்சினை தீரவில்லை. ஆனாலும் நடுவில் நிற்பவன் இரண்டு பக்கத்துக் கதவையும் தட்டிப் பேச வேண்டும் என்பதை அந்த அம்மையார் செய்து காட்டினார்.

1971 இல் நிலைமை வேறு. இந்தியா தன் வான்பரப்பை மூடியதும் கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போன பாகிஸ்தான் விமானங்கள் கட்டுநாயக்கவில் இறங்கி எண்ணெய் நிரப்பின. அங்கே வங்காளிகள் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில் இங்கே ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) கிளர்ச்சி வெடித்தது. அதை அடக்க இந்தியாவும் உதவியது, பாகிஸ்தானும் உதவியது. இருவரிடமும் கைநீட்டிய அரசாங்கத்தால் வங்காளிகளுக்காக வாய் திறக்க முடியவில்லை. பாகிஸ்தான் படை டாக்காவில் சரணடைந்த டிசம்பர் 16 ஆம் திகதியிலேயே, இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்கும் இலங்கையின் தீர்மானம் பொதுச்சபையில் நிறைவேறியது. ஆதரவு 61, எதிர்ப்பு இல்லை, ஒதுங்கியவர்கள் 55. அந்தத் தீர்மானத்தை நான் மதிக்கிறேன். கட்டுநாயக்கவில் நிரப்பிய எண்ணெயையும் மறக்க மாட்டேன்.

1982 இல் போக்லண்ட் தீவுகள் பற்றி ஆர்ஜென்டீனாவும் பிரித்தானியாவும் பேச வேண்டும் என்று வந்த தீர்மானத்தை எதிர்த்தவை 12 நாடுகள் மட்டுமே. அதில் இலங்கையும் ஒன்று. அணிசேரா நாடுகளில் பெரும்பாலானவை வேறு பக்கம் நின்றன. விக்டோரியா அணை அப்போது பிரித்தானிய நன்கொடையில் எழும்பிக்கொண்டிருந்தது.

1991 ஜனவரியை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை, மின்சாரம் இல்லை, வானொலிக்கு பற்றரி இல்லை. அயல் வீட்டுப் பையன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையால் சுற்றுவான். டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் பி.பி.சி. தமிழோசை கேட்போம். கை சோர்ந்தால் குரல் இழுபடும், உடனே இன்னொருவர் மிதியைப் பிடிப்பார். பாக்தாத்தில் குண்டு விழுகிறது என்று அப்படித்தான் கேட்டோம். நாங்கள் நின்றது எங்கள் வீட்டுப் பதுங்குகுழிக்குப் பக்கத்தில். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துச் செய்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சங்கத்தில் மண்ணெண்ணெய் எப்போது வரும் என்று என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. என் மனைவி மட்டும், "அங்கேயும் பிள்ளைகள் குழிக்குள் இருப்பார்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது அங்கே ஏறக்குறைய 100,000 இலங்கையர் வேலையில் இருந்தார்கள், பெரும்பாலும் வீட்டுப் பணிப்பெண்கள். ஈராக்கோ நமது தேயிலை வாங்கும் நாடு. கொழும்பு தடுமாறியது எனக்குப் புரிகிறது.

இப்போது 2022. மார்ச்சில் கச்சா எண்ணெய் பீப்பாய் 120 டொலரைத் தாண்டியது. நமது கஜானா ஏற்கெனவே வெறுமை, அதற்குக் காரணம் உக்ரேன் அல்ல, இங்கே ஆண்டவர்கள். ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். மே மாதம் ரஷ்யாவின் சைபீரிய எண்ணெய் 90,000 தொன் வாங்கித்தான் மூடிக்கிடந்த சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையத்தைத் திறந்தார்கள். ஜூனில் ரஷ்யாவின் ஏரோஃபுளொட் விமானம் ஒன்றை நீதிமன்ற உத்தரவின்படி கட்டுநாயக்கவில் தடுத்தபோது, மொஸ்கோவிலிருந்த நமது தூதரை அழைத்து அதட்டினார்கள். சில நாட்களில் விமானம் போய்விட்டது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய் ஆனது. என்னிடம் நான்கு பரப்பில் வெங்காயம் நின்றது. மூன்று நாளுக்கு ஒருமுறை மண்ணெண்ணெய் இயந்திரத்தால் இறைக்க வேண்டும். அந்த மாதம் ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் இறைத்தேன். தாள் நுனி மஞ்சளாகி மடிந்தது. பிடுங்கியபோது முடிச்சு சுண்டுவிரல் நகத்தளவுதான்.

ஆகவே வாக்கெடுப்பில் ஒதுங்கியதை நான் குற்றமாகச் சொல்ல மாட்டேன். எண்ணெய்க்கு வரிசையில் நிற்கும் நாடு எண்ணெய் விற்பவனைக் கண்டிக்கத் தயங்கும். எனக்கு வலிப்பது வேறு. எல்லாத் தரப்பும் மிகுந்த பொறுமை காக்க வேண்டும் என்று வெளிவிவகார அமைச்சு அறிக்கை விட்டது. வீட்டுக்குள் புகுந்தவனையும் வீட்டுக்காரனையும் பார்த்து ஒரே வாயால் "பொறுமையாக இருங்கள்" என்று சொல்வது நடுநிலையா? 1952 இல் நமக்கு அரிசி வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னோம். 2022 இலும் அப்படிச் சொல்லியிருக்கலாம்: எங்களுக்கு எண்ணெய் வேண்டும், ஆனால் இந்தப் படையெடுப்பு பிழை. சிங்கப்பூர் 1983 இல் கிரெனடாவுக்குள் அமெரிக்கா புகுந்தபோது தன் நண்பனுக்கு எதிராகவே வாக்களித்தது. 2022 இல் ரஷ்யாவைக் கண்டித்தது. சிறிய நாட்டுக்கு எல்லைக்கோடுதான் சுவர் என்று அவர்களுக்குத் தெரியும்.

கிளிநொச்சி வாசி எழுதியது:

ஐயா எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். அவர் விட்ட ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்.

2009 மே 27 ஆம் திகதி ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை எங்களைப் பற்றி வாக்களித்தது. அன்று நான் போரிலிருந்து வெளியேறியவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தேன். எனக்கு 19 வயது. அம்மாவின் காலில் ஷெல் துண்டு. காலையில் தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் வாளியை வரிசையில் வைத்துவிட்டு, அதன் பிடியில் துணித் துண்டு ஒன்றைக் கட்டிவிட்டுத் திரும்புவேன், வேறு யாரும் எடுத்துவிடாமல். ஜெனீவா என்று ஒன்று இருப்பதையே பிறகுதான் அறிந்தேன். அரசாங்கத்தைப் பாராட்டிய தீர்மானம் அது. ஆதரவு 29, எதிர்ப்பு 12, ஒதுங்கியவர்கள் 6. அந்த 29 இல் இந்தியாவும் சீனாவும் ரஷ்யாவும் இருந்தன. கியூபாவும் தென்னாபிரிக்காவும் இருந்தன. பலஸ்தீனத்துக்காகக் குரல் கொடுக்கும் அரபு நாடுகளும் இருந்தன.

ஒதுங்கிய ஆறு நாடுகளில் ஒன்று உக்ரேன்.

2022 இல் இலங்கை ஒதுங்கியது என்று படித்ததும், கணக்குச் சரியாகிவிட்டது என்று என் மனம் ஒரு கணம் சொன்னது. அன்றிரவு தொலைக்காட்சியில் கார்கிவ் நகரச் சுரங்க ரயில் நிலையத்தைக் காட்டினார்கள். ஒரு பெண் தரையில் படுக்கை விரித்து, பிள்ளையின் பள்ளிக்கூடப் பையைத் தலையணையாக வைத்திருந்தாள். மாத்தளனில் என் தம்பிக்கு நான் வைத்ததும் அவனுடைய பள்ளிக்கூடப் பைதான். அந்தக் கணக்கை அன்றே விட்டுவிட்டேன். காஸாவும் அப்படித்தான். 2009 இல் கெய்ரோவும் டோஹாவும் எங்களுக்கு என்ன செய்தன என்று பார்த்து, இன்று காஸாப் பிள்ளைக்கு அழுவதா இல்லையா என்று நான் முடிவு செய்ய மாட்டேன்.

2023 டிசம்பரில் காஸாத் தீர்மானம் வந்தபோது உக்ரேனும் ஒதுங்கித்தான் நின்றது. குண்டு விழும் நாடே இன்னொரு குண்டு விழும் ஊருக்காகக் கை உயர்த்தவில்லை. ஆயுதம் தருபவரின் முகத்தை அதுவும் பார்க்க வேண்டியிருந்தது.

ரீச்சர், "எங்கள் என்றால் யார்" என்று கேட்ட பிள்ளையிடம் சொல்லுங்கள். இலங்கை ரஷ்யாவைக் கண்டிக்கத் தயங்கியதற்கு எண்ணெய் மட்டும் காரணமில்லை. ஜெனீவாவில் ரஷ்யா தனக்காகக் கை உயர்த்த வேண்டும் என்ற தேவையும் அரசாங்கத்துக்கு இருந்தது என்று நான் நினைக்கிறேன். அந்தக் கை எதற்காகத் தேவைப்பட்டது? எங்களுக்கு நடந்ததை விசாரிக்கவிடாமல் தடுப்பதற்காக. உக்ரேன் பற்றிய மௌனத்துக்குள் முள்ளிவாய்க்காலும் இருக்கிறது. அந்தக் கொள்கையில் நாங்கள் இப்படித்தான் இடம்பெறுகிறோம்.

திருநெல்வேலிச் சந்தி எழுதியது:

அக்கா, இதை நான் யோசித்ததில்லை. இந்தியாவோடு முடிந்த கதை என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

நெல்லியடி ஆசிரியை எழுதியது:

ஐயாவுக்கும் தங்கச்சிக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை இரண்டு பாடவேளையும் இதற்கே போய்விட்டது. ஐயாவின் வெங்காயப் பகுதியை வாசித்தபோது நான்கு ஐந்து பிள்ளைகள் தலையாட்டினார்கள், அவர்களின் வீட்டிலும் அந்த ஆண்டு அப்படித்தான். கிளிநொச்சித் தங்கச்சி எழுதியதைச் சத்தமாக வாசிக்க என்னால் முடியவில்லை. பிரதி எடுத்துக் கொடுத்தேன். கட்டாரில் தந்தை இருக்கும் மாணவி, "அப்படியென்றால் வாக்கைவிட அறிக்கையைத்தான் நாங்கள் முதலில் வாசிக்க வேண்டும்" என்றாள். அடுத்த வாரம் நேபாளம், மாலைதீவு, இலங்கை ஆகிய மூன்று நாடுகளும் 2022 இல் சொன்னவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கப் போகிறோம்.

இன்னொன்று. வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி காத்திருந்தாள். பாடம் முழுவதும் ஒரு சொல்லும் பேசாதவள். அவளுடைய பெரியம்மாவின் மகன் ஐரோப்பாவுக்கு அனுப்புவதாகச் சொன்ன முகவர் ஒருவருக்குக் காணியை ஈடு வைத்துப் பணம் கட்டியிருக்கிறான். ரஷ்யா வரை போயிருக்கிறான். பிறகு இராணுவ உடையோடு ஒரு புகைப்படம் வந்தது, அதன் பின் அழைப்பு இல்லை. இப்படிச் சிக்கிய யாழ்ப்பாணத்துப் பையன்கள் பற்றி 2024 இல் செய்திகளில் வந்ததை நீங்களும் படித்திருப்பீர்கள். பெரியம்மா கொழும்புக்குக் கடிதம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். பதில் வரவில்லை. வேறு எங்கே போகலாம் என்று அந்தப் பிள்ளை கேட்கிறாள்.

உரும்பிராய்த் தோட்டக்காரன் எழுதியது:

தங்கச்சி, கொழும்புக்கு ஓட வேண்டாம். வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. அனுப்பிய கடிதத்தின் பிரதி, பையனின் கடவுச்சீட்டுப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், அந்தப் புகைப்படம், முகவருக்குப் பணம் கட்டிய பற்றுச்சீட்டு இருந்தால் அதுவும், எல்லாவற்றிலும் இரண்டிரண்டு பிரதி எடுக்கச் சொல்லுங்கள். கடிதம் கொடுத்தால் கிடைத்ததாகத் திகதியோடு கையெழுத்து வாங்காமல் திரும்பக்கூடாது. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவுக்கும் தனியாக ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும், போரில் காணாமல் போனவர்களைத் தேடுவது அவர்களின் வேலை. அந்தப் பெரியம்மாவுக்கு எழுத்து வேலை சிரமமாக இருந்தால் நான் எழுதிக் கொடுக்கிறேன். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் பருத்தித்துறை பஸ் வந்து நிற்கும் இடத்தில் நிற்பேன். வெள்ளை வேட்டி, கறுப்புக் குடை.